உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்களா?

பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "அடுப்புல பாலைப் பொங்க விட்டுட்டேன் அக்கா" என்று வருத்தப்பட்டால் என்ன சொல்வீர்கள்? "அதனால என்னம்மா, எல்லார் வீட்லயும் நடக்கறதுதானே!" என்பீர்கள். அதே பால் உங்கள் வீட்டு அடுப்பில் பொங்கினால்? "எனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?"

ஊராருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்!

பால் போனால் போகிறது. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்தப் பழக்கம் ஆபத்தாகிவிடும். சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா, கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிடுகிறார். மறுநாள் முழுக்கத் தன்னையே கரித்துக்கொட்டுகிறார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. "டாக்டர் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று தள்ளிப்போடுகிறார். வாரம் மாதமாகிறது. ஜாங்கிரியைவிட இந்தத் தயக்கம்தான் அதிகக் கெடுதல்.

நம்மிடம் நாமே பரிவு காட்டுவது பற்றி, டெக்ஸாஸ் பல்கலைக்கழக உளவியல் நிபுணர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் விரிவாக எழுதினார். அவர் சொல்லும் அம்சங்கள் 3. தன்னைக் கனிவாக நடத்துவது, தவறுவது மனித இயல்பு என்று உணர்வது, மனக்கஷ்டத்தை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் கவனிப்பது.

"இப்படிச் செல்லம் கொடுத்தா சோம்பேறித்தனம் வந்துடாதா?" என்று கேட்பீர்கள். வராது! கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் பரிவு காட்டும்படி சொல்லப்பட்டவர்கள்தான் மறுதேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்?

* தவறு நடந்ததும் நெஞ்சில் கை வைத்து, நிதானமாக மூச்சு விடுங்கள்.

* "இப்ப மனசு கஷ்டமா இருக்கு. இது எனக்கு மட்டும் நடக்கறதில்ல" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

* "என் தங்கச்சிக்கு இப்படி ஆகியிருந்தா என்ன சொல்லுவேன்?" என்று யோசியுங்கள். அதையே உங்களுக்கும் சொல்லுங்கள்.

* உடனே செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்றைச் செய்யுங்கள்.

குற்ற உணர்ச்சியும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

அந்த ஜாங்கிரி அம்மாவுக்குச் சின்னக் காரியம் எது? "சாப்பிட்டது சாப்பிட்டாச்சு. நாளைக்குக் காலையில ரத்தம் கொடுத்துட்டு வந்துடுவோம்" என்று கிளம்புவதுதான்!