ஓர் ஊரே மண் மாற்றிக்கொண்ட கதை!

ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் அதன் மணமே தனி அல்லவா? அந்த ஈயம் வெள்ளீயம், அதனால் பாதகமில்லை. அதற்கு ஒரு பங்காளி உண்டு. காரீயம் என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒரே சாயல்தான். குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரீயம் விஷம். அந்த விஷம் ஓர் ஊரின் மண்ணிலேயே கலந்துவிட்டால் என்ன ஆகும்? கேளுங்கள்.

அமெரிக்காவில், ஐடஹோ மாகாணத்து மலைகளுக்கு நடுவே கெல்லாக் என்று ஒரு சிற்றூர். பங்க்கர் ஹில் என்ற சுரங்கமும் அதைச் சேர்ந்த உருக்காலையும்தான் ஊருக்குச் சோறு போட்டு வந்தன. 1917ல் மூட்டிய உலை 1981 வரை எரிந்தது. புகையோடு வரும் காரீயத் தூளைப் பிடித்து நிறுத்தப் பெரிய பெரிய துணிப் பைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். 1973 செப்டம்பரில் அந்தப் பைக்கூடத்தில் தீப்பிடித்துக்கொண்டது. காரீயத்துக்கு நல்ல விலை கிடைத்த சமயம். உலையை அணைக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. சரியாக வடிகட்டாத புகை மாதக் கணக்கில் ஊரின் மேல் படிந்தது.

1974ல் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆலையிலிருந்து ஒரு மைலுக்குள் வசித்த குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருக்குமே, நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம்! இன்று 3.5 இருந்தாலே அங்குள்ள டாக்டர்கள் உஷாராகிவிடுகிறார்கள்.

தவழுகிற குழந்தை, தரையைத் தொட்ட கையை வாயில் வைக்காமல் இருக்குமா? உள்ளே போன காரீயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக அதன் உடம்பு ஏற்றுக்கொள்ளும். காய்ச்சல், வலி என்று ஒன்றும் காட்டாமலே மூளையைத் தாக்கும். படிப்பு ஏறாது; சுபாவம் மாறும். ரத்தத்தில் உள்ளதைக் குறைக்க மருந்து உண்டு. மூளைக்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்ய மருந்து கிடையாது.

'ஆலையைத்தான் மூடிவிட்டார்களே, இனி என்ன கவலை?' என்கிறீர்களா? காரீயம் மக்குவதில்லை, ஆவியாகிப் போவதுமில்லை. மேல்மண்ணிலேயே ஒட்டிக் கிடக்கும். 1983ல் சர்க்கார் அந்த இடத்தை, உடனே சுத்தம் செய்ய வேண்டிய நச்சுப் பிரதேசங்களின் பட்டியலில் சேர்த்தது. பிறகு வீடு வீடாக மண்ணை மாற்றினார்கள். பத்து லட்சம் பங்கு மண்ணில் ஆயிரம் பங்குக்கு மேல் காரீயம் இருந்தால், முற்றத்தில் ஓரடி ஆழம் வெட்டி எடுத்தார்கள். காய்கறித் தோட்டமானால் இரண்டடி. அதற்கும் அடியில் கெட்ட மண் இருந்தால், 'இதற்குக் கீழே தோண்டாதே' என்று எச்சரிக்க ஒரு துணியை விரித்து, மேலே நல்ல மண் கொட்டிப் புல் போட்டார்கள். 715 அடி உயரமாக நின்ற புகைபோக்கியை 1996ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

வீட்டுக்குள் வரும் புழுதியை என்ன செய்வது? நுண்தூளையும் உறிஞ்சும் 'வாக்குவம் கிளீனர்'களைச் சுகாதார இலாகா குடும்பங்களுக்கு இரவலாகக் கொடுத்தது. முற்றத்து மண் மாற மாற, வீட்டுப் புழுதியிலும் காரீயம் குறைந்தது. 1988ல் சோதித்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது; 2001ல் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான்.

ஆனால் 1974ல் கைநீட்டி ரத்தம் கொடுத்தார்களே, அந்தக் குழந்தைகள்? அவர்கள் வீட்டு முற்றத்து மண்ணை மாற்ற முடிந்தது. அவர்கள் இழந்ததைத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை.

சகோதரிகளே, நம் வீட்டிலும் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. குழந்தை சாப்பிடுமுன் கை கழுவட்டும். செருப்பு வாசலோடு நிற்கட்டும். பழைய பெயிண்டைச் சுரண்டும்போதும், பழைய பாட்டரியை உடைக்கும் இடத்திலும் குழந்தையை அண்டவிடாதீர்கள். தரையை வறட்டு வறட்டென்று பெருக்குவதோடு விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஈயச் சொம்பு வாங்கும்போது, அது சுத்த வெள்ளீயம்தானா என்று கடைக்காரரிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டு வாங்குங்கள்.