வயிறு சொல்வதை நாம் சொல்கிறோமா?

மாஞ்சோலையில் என் வாப்பா சிறியதொரு மளிகைக் கடை வைத்திருந்தார்கள். சிங்கம்பட்டி ஜமீனின் காட்டை 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றுப் பம்பாய் பர்மா நிறுவனம் உருவாக்கிய தேயிலைத் தோட்டம் அது. 2024இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று மலையிறங்கியதோடு அங்கே கொழுந்து பறிப்பதும் நின்றுபோயிற்று. நான் சொல்லப் போவது 1995ஆம் ஆண்டில் நடந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது.

மலைக் குளிரில் உம்மாவுக்கு மூட்டுவலி வந்தது. கடையில் விற்கும் வலி மாத்திரையை நாளுக்கு இரண்டு மூன்றாக மாதக்கணக்கில் விழுங்கி வந்தார்கள். பிறகு வயிறு சரியில்லை என்றார்கள். வாப்பா கடையை விட்டு வர இயலாததால், நானே உம்மாவைப் பேருந்தில் ஏற்றி, மணிமுத்தாறு அணையைக் கடந்து, கீழே ஊரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

"வயிறு சொகமில்லய்யா" என்றார்கள் உம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவர், "மோஷன் எப்படிப் போகிறது?" என்று கேட்டார். உம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு விளங்கியது, ஆயினும் ஓர் அந்நிய ஆடவர் முன்னிலையில் பெற்ற தாயிடம் அதைக் கேட்க நா எழவில்லை. "நன்றாகப் போகிறது" என்று நானே பதில் கூறிவிட்டேன். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் சென்று உம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தார்கள். நகரத்து மருத்துவமனையில் முதிய மருத்துவர் ஒருவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, வெளிக்குப் போகும்போது தார் மாதிரிக் கறுப்பாகப் போனதா?" என்று கேட்டார். உம்மா தலையசைத்தார்கள். இரண்டு மாதமாக அப்படித்தானாம்! நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். சீட்டில் 'மெலினா' என்று எழுதியிருந்தது.

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உள்ள புண்ணிலிருந்து கசியும் இரத்தம், அமிலத்தாலும் செரிமானத்தாலும் மாறி, கறுத்துப் பிசுபிசுத்து, நாற்றத்துடன் வெளியேறுவதே அந்நோய்க்குறி. தமிழில் கருமலம் எனலாம். இரும்புச்சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கறுக்கும். ஆனால் தார்போல் ஒட்டாது. இந்த ஒரு செய்தியை முதல் மருத்துவரிடம் சொல்லியிருந்தால் போதும். சொல் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

இன்று மதரஸாவில் சட்டநூலின் முதற்பாடமாகிய தூய்மைப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது. மலம், சிறுநீர், வாந்தி, இரத்தம் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே கற்பிக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைகள் கூச்சமின்றி ஒப்புவிக்கிறார்கள். கிதாபுக்குள் இல்லாத வெட்கம் மருத்துவர் முன்னால் எங்கிருந்து வருகிறது?

சொற்பஞ்சம் என்று மட்டும் யாரும் கூற வேண்டாம். உமட்டல், ஓங்கரிப்பு, எதுக்களிப்பு, புளித்த ஏப்பம், பொருமல், மந்தம், கடுப்பு, சீதபேதி என்று நம் பாட்டிமார் வயிற்றின் ஒவ்வொரு குணத்துக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். 'எதுக்களிக்கிறது' என்ற ஒரே சொல், உண்டது இரைப்பையிலிருந்து மேலே திரும்பி வருவதை மருத்துவருக்குச் சொல்லிவிடும். சித்த மருத்துவர் குன்மம் என்றும் கிராணி என்றும் வகுத்து வைத்ததைப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் 1964 முதல் பாடமாகவே கற்பிக்கிறார்கள். நாமோ இத்தனையையும் விட்டுவிட்டுக் 'கேஸ்', 'அல்சர்' என்ற இரண்டு சொற்களுக்குள் வயிறு முழுவதையும் அடைத்துவிட்டோம்.

அரபு மருத்துவ நூல்களைப் புரட்டியபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. நடுச்சிறுகுடலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸாயிம்', அதாவது நோன்பாளி! இறந்தோர் உடலை அறுத்துப் பார்க்கையில் அப்பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருந்ததால் பண்டைக் கிரேக்கர் பட்டினிக் குடல் என்றனர். அரபியர் அதை நோன்பாளியாக்கினர். இரைப்பையின் கீழ்வாயிலுக்குப் பெயர் 'பவ்வாப்', வாயிற்காவலன். ஒரே வாயுள்ள பெருங்குடலின் தொடக்கப் பைக்குப் பெயர் 'அஃவர்', ஒற்றைக் கண்ணன். முன்சிறுகுடல் பன்னிரண்டு விரல் அகல நீளமுள்ளதென்று கணக்கிட்டு அதனைப் பன்னிரண்டின் பெயராலேயே அழைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கிரேக்க நூல்களைப் பெயர்த்தபோது பொருளையே பெயர்த்தார்கள். கேட்டவனுக்கு உறுப்பு கண்முன் நின்றது. எல்லாவற்றுக்கும் அப்படி முடிந்ததா என்றால் இல்லை. கணையத்தை இன்றும் 'பன்கிரியாஸ்' என்றுதான் அரபியர் சொல்கிறார்கள். அதில் நாம் அவர்களை முந்திவிட்டோம்! குடற்சூலையைக் 'கூலஞ்ச்' என்றார்கள். அதைப் பற்றித் தனி நூலே எழுதிய இப்னு சீனா, 1037இல் அதே நோயால் ஹமதானில் மறைந்தார் என்று அவருடைய மாணவர் எழுதிய வரலாறு கூறுகிறது.

தமிழிலும் அத்தகைய உழைப்பு நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் கற்று, 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவத்தைப் போதித்தார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடலியங்கியலுக்குச் சுகரணம், அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம் என்று பெயரிட்டார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் பெயர்த்தவை 4000 பக்கங்களைத் தாண்டும். இவற்றுட் சில சொற்கள் இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். அவரிடம் கற்ற மருத்துவர்கள் நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே பேசினார்கள் என்பதை மறக்கலாகாது.

நம் திருநெல்வேலிக்கும் இதில் பங்குண்டு. 1934இல் இங்கே தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியால் கலைச்சொற்களைத் தொகுத்தது. 1936இல் விபுலானந்த அடிகள் தலைமையில் சென்னையில் மாநாடு கூட்டி ஆராய்ந்து, 1938இல் சுமார் 10,000 சொற்களை நூலாக்கியது. தாமிரபரணிக் கரையில் இத்தனை சொல் விளைந்தும், அதே கரையில் ஒரு பதினைந்து வயதுப் பையன் ஒரு சொல்லை விழுங்கிவிட்டான்.

நம் வீடுகளில் 'பேதி' என்பது நோய்க்கும் பெயர், அதை வரவழைக்கும் மருந்துக்கும் பெயர். பிள்ளைக்கு வயிற்றுவலி என்றதும் பேதிக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கொப்பூழைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கி நிற்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடிக்க நேரிடும். 'கேஸ்' என்ற சொல் இதைவிடப் பொல்லாதது. மேல்வயிற்றில் இறுக்கமும் வியர்வையும் மூச்சுமுட்டலும் வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். 'வாயுதான்' என்று சோடா குடித்துப் படுத்தவர்களின் ஜனாஸாவுக்கு நானே சென்றிருக்கிறேன்.

'அல்சர்' என்றதும் நேரத்துக்குச் சாப்பிடாததும் மிளகாய்க் காரமுமே காரணம் என்று முடிவுகட்டி, மோர் மட்டும் குடித்து ஆண்டுகளைக் கழிப்போர் உண்டு. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். குடற்புண்ணுக்குப் பெருங்காரணம் அதுவே என்று பின்னர் நிலைபெற்றது. 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டு வார அளவு மருந்தில் அக்கிருமியை ஒழிக்க முடிகிறது. மற்றொரு பெருங்காரணம் என் உம்மா விழுங்கிய வலி மாத்திரைகள். அக்கிருமியின் பெயரில் உள்ள 'பைலோரி' கிரேக்க மொழியில் வாயிற்காவலனைக் குறிக்கும் சொல்லே, நம் பவ்வாப்!

உம்மா அதன்பின் பதினான்கு ஆண்டுகள் இருந்தார்கள். ஒவ்வொரு முறை மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்பதற்கு முன்பாகவே, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "வெளிக்கு மஞ்சளாத்தான் போவுதுய்யா, கறுப்பு இல்ல" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் அமருவார்கள்.