திருத்தணி போறீங்களா? போனில் போட்டோ பளிச்சென வர இந்த 30 நிமிடத்தை மிஸ் பண்ணாதீங்க!

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளையும் ஏறி, நேர்த்திக்கடன் முடித்து, குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி ஒரு போட்டோ எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண் இருக்கும் இடத்தில் கறுப்பு நிழல், தலையில் வெள்ளைத் திட்டு. முடி வளர்ந்துவிடும், அந்த நாள் திரும்பி வராது. உடனே பழி போன் மீது விழும். ஆனால், பெரும்பாலும் தப்பு போனில் இல்லை, எடுத்த நேரத்தில்தான்.

மதியத்தில் முகம் ஏன் கறுக்கிறது?

சூரியன் உச்சியில் இருந்தால் நெற்றியின் நிழல் கண்ணிலும், மூக்கின் நிழல் உதட்டிலும் விழும். திருத்தணியில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் 3-வது வாரத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டமும் ஜூலை அல்லது ஆகஸ்டில் வருகிறது.

'கோல்டன் ஹவர்' என்றால் என்ன?

சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி அதிக தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீல நிறம் சிதறிப்போக, மஞ்சளும் ஆரஞ்சும் மிஞ்சுகின்றன. பக்கவாட்டில் இருந்து வரும் இந்த இதமான ஒளியில் கண்கள் தெளிவாகத் தெரியும்.

பெயரில் 'ஹவர்' இருந்தாலும் நம்ம ஊரில் அது ஒரு மணி நேரம் நீடிக்காது. டிசம்பரில் லண்டனில் சூரியன் சாய்வாக, மெதுவாக மேலேறும். அங்கே இந்த ஒளி சுமார் 1 மணி நேரம் இருக்கும். தமிழ்நாட்டில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுவதால் சுமார் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். வெளிநாட்டு வீடியோ டிப்ஸை நம்பி நிதானமாகக் கிளம்பினால் போச்சு!

எத்தனை மணிக்குப் போகணும்?

திருத்தணியில் டிசம்பர் கடைசி, ஜனவரியில் சூரிய உதயம் காலை சுமார் 6.30 மணி. ஜூனில் சுமார் 5.45 மணி. அதற்கு 15 நிமிடம் முன்பே இடத்துக்கு வந்துவிடுங்க. படி ஏறும் நேரத்தையும் சேர்த்துக்கோங்க.

மதியம்தான் போக முடியுமா?

* மண்டபம் அல்லது மரத்தின் நிழல் ஓரத்தில், வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்க வைங்க.
* திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க. சந்தனம் வெளுக்காது.
* திருநீறு, சந்தனம் பட்ட விரல் லென்ஸில் பட்டிருக்கும். எடுக்கும் முன் துணியால் துடைங்க.

ஆர்.கே.பேட்டை பக்கம் போனால்?

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் குன்றுகள் அதிகம். குன்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால், அஸ்தமன நேரத்துக்கு முன்பே வெயில் போய்விடும். அதனால் மாலையில் கொஞ்சம் சீக்கிரமே எடுத்துடுங்க.

இது நெசவாளர்கள் வாழும் பகுதியும்கூட. தறியில் வேலை செய்பவரை எடுக்க நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்க. பிளாஷ் வேண்டாம். ஜன்னல் அல்லது வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று எடுத்தால் முகமும் நூலும் தெளிவாக வரும்.

இதை மறக்காதீங்க!

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனவே கோயிலுக்குள் போட்டோ எடுக்கும் திட்டம் வேண்டாம். காலையில் முதலில் வெளியே, நல்ல வெளிச்சத்தில் குடும்பத்தோடு ஒரு போட்டோ. மொட்டை போடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்துக்கோங்க. பிறகு போனை வைத்துவிட்டு நிம்மதியாக சாமி கும்பிடலாம்.