மாத்திரையை ஏன் நிறுத்தினார்? கேள்வி கேட்கும் நர்ஸிங் மாணவிகள்!

செஞ்சி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் மனநோய்க்கு மாத்திரை வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் வரவில்லை. ஒருநாள் கூலி போய்விடும் என்ற தயக்கமா, 'சரியாகிவிட்டது' என்ற நினைப்பா, ஊர் பேசுமோ என்ற பயமா? இதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, பயிற்சிக்கு வரும் நர்ஸிங் மாணவிக்கு நேரம் இருக்கிறது. ஆராய்ச்சி தொடங்குவதும் அங்கேதான்.

பி.எஸ்சி. நர்ஸிங்கில் மனநலம், ஆராய்ச்சி இரண்டும் பாடங்கள். வகுப்பறையில் புள்ளியியல் என்றால் மிரளும் மாணவிகளுக்கும், வார்டில் எழும் கேள்வி என்றால் ஆர்வம் வந்துவிடும். எத்தனை பேர் மருந்தை நிறுத்தினார்கள், என்ன காரணம் என்று குறித்தாலே சின்ன ஆய்வு தயார். ஆனால், கல்லூரியின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் கட்டாயம். 'முடியாது' என்று அவர் சொன்னாலும் கவனிப்பு குறையக் கூடாது. பெயர் வெளியே வரக் கூடாது.

பொறுமையாகப் பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. மனச்சிதைவு நோய் புதிதாகத் தொடங்கிய 90 பேரை, 1981 முதல் 20 ஆண்டுகளுக்கும் மேல் கவனித்தது டாக்டர் ஆர்.தாரா குழுவினரின் ஆய்வு. அவர்களில் பலர் தேறினார்கள், வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். 'இனி அவ்வளவுதான்' என்று கலங்கும் பெற்றோருக்கு, நர்ஸ் ஆதாரத்தோடு சொல்லக்கூடிய ஆறுதல் இது.

மனநல ஆலோசனைக்கு: 'டெலி மானஸ்' - 14416 (24 மணி நேரமும், இலவசம்)