பெயர்ப்பலகையை இறக்கி வைத்தோம்

ஏர்கோன் தொழிலில் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. வருடம் முழுக்க வெயில் அடிக்கிற நாடு இது. பஞ்சம் நேரத்துக்குத்தான். காலை எட்டு மணிக்கு வேனை எடுத்தால் என் கணவர் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். அவர் ஏணியில் நிற்கும்போதுதான் போன் அடிக்கும். எடுக்காவிட்டால் கூப்பிட்டவர் அடுத்த கடைக்காரரைத் தேடிப் போய்விடுவார். கிள்ளானில் பதினொரு ஆண்டுகள் இப்படித்தான் ஓடின. ஒரு வேன், வேலைக்கு இரண்டு தம்பிமார், கணக்குக்கு நான்.

அவர் கைவேலையைக் குறை சொன்னவர் யாருமில்லை. ஆனால் போனை எடுப்பதும் அவர்தான், விலை சொல்வதும் அவர்தான், பாக்கியைக் கேட்பதும் அவர்தான். ஒரு பாலர் பள்ளி நிர்வாகி 14 ஏர்கோன்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் பற்றிப் பேசினார். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில், "நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா யாரு வருவா அண்ணே?" என்று கேட்டார். அந்த ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரான்சைஸ் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். பெயர் அவர்களுடையது, உழைப்பு நம்முடையது. போனை அவர்கள் எடுப்பார்கள், விலைப்பட்டியல் அவர்கள் தருவார்கள், பயிற்சியும் உண்டு. சேரும் கட்டணம் 35,000 ரிங்கிட். அதற்கு மேல் மாத விற்பனையில் ஆறு விழுக்காடு உரிமைத் தொகை, இரண்டு விழுக்காடு விளம்பர நிதி.

எட்டு விழுக்காடு என்று கேட்டால் சின்னதாகத்தான் தெரியும். நான் நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மாதம் 30,000 ரிங்கிட் விற்பனை என்று வையுங்கள். சம்பளம், கேஸ், செம்புக்குழாய், பெட்ரோல், வேன் தவணை எல்லாம் போக 7,500 மிஞ்சும். எட்டு விழுக்காடு கணக்கிடப்படுவது அந்த 7,500-க்கு அல்ல, 30,000-க்கு. அதாவது 2,400 ரிங்கிட். மிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நட்டம் வந்த மாதத்திலும் அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். பிரான்சைஸ் பற்றிக் கேட்க வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். விற்பனை எவ்வளவு கூடினால் இந்த 2,400 திரும்பி வரும் என்று தெரியாமல் பேனாவைத் தொடக்கூடாது.

நம் நாட்டில் இதற்கென்று 1998-ஆம் ஆண்டின் பிரான்சைஸ் சட்டம் இருக்கிறது. நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் ஒப்பந்த நகலும், தங்கள் தொழில் விவரங்களை வெளிப்படுத்தும் ஆவணமும் நம் கைக்கு வந்துவிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகும் மனம் மாற்றிக்கொள்ளக் குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுக்குக் குறையக்கூடாது. "இந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த 10 நாளை நினைவுபடுத்துங்கள்.

எங்களை உறங்கவிடாமல் செய்தது இன்னொரு பிரிவு. ஒப்பந்தம் நடக்கும் காலத்திலும், முடிந்து இரண்டு ஆண்டுகள் வரையிலும், அதே மாதிரித் தொழிலை வேறாக நடத்தமாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். நாங்கள் மட்டுமல்ல. நிறுவன இயக்குநரின் கணவன் அல்லது மனைவி, நெருங்கிய குடும்பத்தினர், வேலையாள்கள் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள்.

வேலையாள்கள் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு மூத்த தம்பியின் முகம்தான் வந்தது. பதினெட்டு வயதில் எங்களிடம் வந்தவர். சொந்தமாக வேன் வாங்க வேண்டும் என்று சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். உட்காரவைத்து அந்தப் பிரிவை மலாயிலும் தமிழிலுமாக விளக்கினேன். இரண்டு நாள் கழித்து வந்து, "அக்கா, நான் இப்பவே தனியா போயிடறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். நாங்கள் கையெழுத்திடும் முன்பே அவர் விலகினார். பழைய வேனை அவருக்கே தவணையில் கொடுத்தோம்.

மாமனார் பெயர் எழுதிய பலகையை அவர் போன மறுவாரம் இறக்கினோம். என் கணவர் அன்று அதிகம் பேசவில்லை. பேரம் பேச இடமிருந்த ஒரே விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பதினொரு ஆண்டுகளில் சேர்ந்த நானூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களின் பட்டியல் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்ந்தது. காலம் முடிந்து நாங்கள் விலகினால் அந்தப் பட்டியல் எங்களுடையது. இதை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். எழுத்தில் வாங்க மூன்று சந்திப்புகள் ஆயின.

இப்போது மூன்றாம் ஆண்டு. மூன்று வேன்கள், ஏழு பேர். வாட்டர் ஹீட்டர் வேலையும் சேர்ந்திருக்கிறது. கழுவும் முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். விலையை முதலிலேயே சொல்லிவிடுவதால் பேரம் குறைந்துவிட்டது. அலுவலகங்களும் பாலர் பள்ளிகளும் ஆண்டு ஒப்பந்தம் தருகின்றன. என் கணவர் அதிகம் மதிப்பது பயிற்சியைத்தான். பழைய ஆர்22 கேஸ் மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வழக்கொழிந்து வருகிறது. புதிய இயந்திரங்களில் வரும் ஆர்32 இலேசாகத் தீப்பற்றும் தன்மையுள்ளது. குழாய்க்குள் காற்றும் ஈரமும் நிற்காமல் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும். "பார்த்துப் பழகின வேலை" என்று இதில் இறங்குவது ஆபத்து.

மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. கழுவும் இரசாயனத்தை அவர்களிடமே வாங்க வேண்டும், வெளிக்கடையில் விலை குறைவு. நாங்கள் கட்டும் விளம்பர நிதி கோலாலம்பூர் பக்கம்தான் அதிகம் செலவாகிறது என்பது என் சந்தேகம். கேட்டால் அறிக்கை தருகிறார்கள், அதில் கிள்ளானைத் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தாமான் பாட்டிக்கு முன்பெல்லாம் காசு வாங்காமல் வடிகுழாய் அடைப்பை எடுத்துவிட்டு வருவோம். இப்போது அதற்கும் பில் போட வேண்டும். பில் போட்டுவிட்டு, அந்தக் காசை நான் என் பையிலிருந்து வைக்கிறேன்.

கட்டணமெல்லாம் போக எங்கள் கைக்கு வருவது முன்னைவிடக் கூடுதல்தான். ஆனால் முதல் ஒன்றரை ஆண்டு அப்படி இல்லை. அந்த இடைவெளியைத் தாங்கக் கையிருப்பு இருந்தது. சேரும் கட்டணத்துக்கே முழுக்கக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது மூச்சு முட்டும் காலம். டெக்குனின் ஸ்புமி திட்டம், பெர்னாஸ் போன்ற வழிகளை விசாரித்துப் பார்க்கலாம். ஆனால் தவணையையும் அந்த மாதக் கணக்கில் ஒரு வரியாக எழுதிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு ஆண்டில் புதுப்பிப்பதா, வெளியே வந்து இரண்டு ஆண்டு சும்மா இருப்பதா என்ற கேள்வி வரும். இருவருக்கும் ஐம்பதை நெருங்குகிற வயது. ஏழு பேரின் சம்பளமும் அதில் இருக்கிறது. என் கணவர் புதுப்பிக்க வேண்டும் என்கிறார். நான் உரிமைத் தொகையை ஐந்தாகக் குறைத்தால் பார்க்கலாம் என்கிறேன்.

மூத்த தம்பி இப்போது காப்பாரில் தனியாகத் தொழில் செய்கிறார். எங்களைவிட இருபது ரிங்கிட் குறைவாக வாங்குகிறார். எங்கள் பழைய வாடிக்கையாளர்களில் சிலர் அவரிடம் போயிருக்கிறார்கள். போன மாதம் வேனின் கடைசித் தவணையைக் கொடுக்க வந்தவர், வாசலில் நின்று என் கணவரிடம் ஆர்32 பம்ப் எந்த வகை வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் எங்கள் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.