ஒரு பைசாவின் வலிமை: கூட்டு நிதி திரட்டத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் விலை அதன் பெயரிலேயே இருந்தது: ‘ஒரு பைசாத் தமிழன்’. எளிய மக்கள் வாங்கக்கூடிய விலையை இதழின் அடையாளமாக நிறுத்திய அந்தப் பெயரில் பணம் குறித்த ஒரு நிலைப்பாடும் அடங்கியிருந்தது. ஒரே புரவலரிடம் பெறும் ஆயிரம் ரூபாயும் ஆயிரம் வாசகரிடம் பெறும் ஆயிரம் ரூபாயும் எண்ணிக்கையில் ஒன்று, அரசியலில் வெவ்வேறு.

1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் வழங்கினார். அவ்வுதவியின்றி அவ்விதழ் வெளிவந்திருப்பது அரிது. ஆனால் சாகு மகராஜ் 1922இல் மறைந்தார். 1927 ஏப்ரலில் அம்பேத்கர் தொடங்கிய ‘பகிஷ்கிருத பாரத்’ பணமுடையோடு போராடி 1929இல் நின்றது. புரவலர் எவ்வளவு நல்லவராயினும் அவர் ஒருவர்தான். நம் குரல் நிலைத்து ஒலிக்க வேண்டுமெனில் அதைத் தாங்கும் கைகள் பலவாக இருக்க வேண்டும்.

இன்று ‘கிரவுட் ஃபண்டிங்’ என்று வழங்கப்படும் கூட்டு நிதித் திரட்டல் இந்தப் பழைய தேவைக்கான புதிய கருவி. ஆவணப்படம் எடுக்க, வாய்மொழி வரலாற்றை நூலாக்க, பறையிசைத் தொகுப்பு வெளியிட, தோல்பொருள் தயாரிக்கும் கூட்டுறவுக் குழு ஒன்றைத் தொடங்க எனப் பல திட்டங்களோடு கல்லூரி மாணவர்கள் இவ்வழியை நாடுகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. கூட்டு நிதித் திரட்டல் இணையப் பக்கம் திறக்கப்படும் நாளில் தொடங்குவதில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன், மக்களைத் திரட்டுவதில் தொடங்குகிறது.

எந்த வகை நம்முடையது?

கூட்டு நிதி நான்கு வகைப்படும். கைம்மாறு எதிர்பாராமல் தருவது நன்கொடை. நூலின் படி, திரையிடலுக்கான அனுமதிச் சீட்டு, முதலில் தயாராகும் பொருள் எனத் திட்டத்தின் பயனையே திருப்பித் தருவது கைம்மாறு வகை. மூன்றாவது கடன், நான்காவது நிறுவனத்தின் பங்கு.

பின்னிரண்டையும் புதிதாகத் தொடங்குவோர் தவிர்ப்பதே நன்று. இணையவழித் தனிநபர் கடன் தளங்கள் 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டவை. இணையத்தில் பொதுமக்களிடம் பங்கு விற்பதற்கு எதிராக ‘செபி’ 2016இல் எச்சரிக்கை விடுத்தது. ‘இலாபத்தில் பங்கு தருவோம்’ என்று ஆர்வத்தில் எழுதும் ஒரு வரி நம்மைச் சட்டச் சிக்கலில் தள்ளக்கூடும். படைப்புக்கும் புதிய பொருளுக்கும் பொருந்துவது கைம்மாறு வகை; பொதுநல நோக்குடைய ஆவணப் பணிக்குப் பொருந்துவது நன்கொடை.

தளங்களின் நடைமுறையும் வேறுபடும். 2009இல் நியூயார்க்கில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் போன்றவற்றில் குறித்த நாளுக்குள் இலக்கை எட்டினால்தான் பணம் கைக்கு வரும். எட்டாவிட்டால் தந்தவரிடம் தொகை வசூலிக்கப்படுவதில்லை. வேறு சில தளங்கள் திரண்டதைத் திரண்டபடியே கொடுக்கும். அயல்நாட்டுத் தளங்களில் எந்தெந்த நாட்டினர் திட்டம் தொடங்கலாம் என்ற பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட மிலாப், கெட்டோ போன்றவற்றில் மருத்துவ வேண்டுகோள்களே மிகுதி. அங்கு ஒரு நூல் திட்டத்தை வைத்தால், அறியாதவர் கண்ணில் பட்டுப் பணம் வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கூட்டம் எங்கிருந்து வருகிறது?

இந்தியத் திரைத்துறையின் மூன்று எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும். 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவின் உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் தந்தனர். 1986இல் ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அம்ம அறியான்’ படத்துக்காகக் கேரளத்தின் ஒடேசா குழுவினர் ஊர் ஊராகச் சென்று, சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் காசு திரட்டினர். 2013இல் வெளிவந்த கன்னடப் படமான ‘லூசியா’வுக்கு இயக்குநர் பவன் குமார் இணையவழியே ஏறத்தாழ 110 பேரிடம் 50 லட்சம் ரூபாய் அளவில் திரட்டினார்.

மூன்றும் கூட்டு நிதியே. ஆனால் முதலாவதில் ஒருவரின் பங்கு 2 ரூபாய். மூன்றாவதில் சராசரியாக 40,000 ரூபாய்க்கும் மேல். முதலாவதற்கு முன்பே கூட்டுறவு என்ற அமைப்பு இருந்தது. இரண்டாவதில் கால்நடையாக உருவாக்கிய உறவு இருந்தது. மூன்றாவதில் வசதியும் இணைய அறிமுகமும் கொண்ட இரசிகர் வட்டம் இருந்தது. எந்தப் படத்துக்கும் முன்பின் அறியாத கூட்டம் தானாக வந்து பணம் தரவில்லை.

இந்த இடத்தில்தான் சாதி வேலை செய்கிறது. எந்தத் திரட்டலிலும் முதலில் தருவோர் உறவினர், நண்பர், உடன் படித்தோர், உடன் பணியாற்றுவோர். ஆதிக்கச் சாதிக் குடும்பத்து இளைஞரின் முதல் ஐம்பது அறிமுகங்களில் நிறுவன மேலாளரும் அயல்நாட்டு மென்பொறியாளரும் வழக்கறிஞரும் இருப்பர். முதல் தலைமுறைப் பட்டதாரியின் முதல் ஐம்பது அறிமுகங்களில் தினக்கூலியும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரும் கல்விக் கடன் கட்டும் நண்பரும் இருப்பர். இருவரின் திட்டமும் ஒரே தரமுடையதாயினும் முதல் வாரத் தொகை ஒன்றாக இராது. முதல் வாரத்தில் வேகமாக நிரம்பும் பக்கத்தையே பிறரும் நம்புவர். ஆகவே ‘திறமை இருந்தால் இணையம் கைகொடுக்கும்’ என்னும் கூற்றை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

அதே வேளையில் நம்மிடம் உள்ளதையும் மறக்கலாகாது. பட்டியலினப் பணியாளர் நலச்சங்கங்கள், அம்பேத்கர் படிப்பு வட்டங்கள், இரவுப் பாடசாலைகள், பௌத்த விகாரைகள், முன்னாள் விடுதி மாணவர் குழுக்கள், தொழிற்சங்கக் கிளைகள் எனப் பல அமைப்புகளை நம் முன்னோர் கட்டி வைத்துள்ளனர். ‘மந்தன்’ படத்துக்குக் கூட்டுறவு எதுவோ, நமக்கு இவை அதுவே. திரட்டல் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே இவ்விடங்களுக்குச் சென்று, திட்டத்தின் மாதிரியைக் காட்டிப் பேச வேண்டும். படமாயின் ஐந்து நிமிடக் காட்சி, நூலாயின் ஓர் இயல், பொருளாயின் தொட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். பணம் கேட்பதற்கு முன் கருத்துக் கேட்க வேண்டும். கருத்துச் சொன்னவர் அத்திட்டத்தில் ஏற்கெனவே பங்கேற்றவர் ஆகிறார்.

இலக்கைக் கணக்கிடுதல்

பலர் தயாரிப்புச் செலவையே இலக்காக எழுதிவிடுகின்றனர். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரை மணிநேர ஆவணப்படத்துக்குச் செலவு 2,40,000 ரூபாய் என்று கொள்வோம். கைம்மாறுப் பொருள்களுக்கும் அஞ்சலுக்கும் 30,000; எதிர்பாராச் செலவுக்குத் தயாரிப்புச் செலவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24,000. கூட்டினால் 2,94,000. தளக் கட்டணமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து 8 விழுக்காடு எனில், கைக்கு 2,94,000 வரத் திரட்ட வேண்டியது ஏறத்தாழ 3,20,000 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 80,000. இதைக் கணக்கில் கொள்ளாதவர் திரட்டலில் வென்றும் படத்தை முடிக்க இயலாது நிற்பர்.

அடுத்து, அத்தொகை எத்தனை பேரிடமிருந்து வரும் என்று எழுத வேண்டும். 5,000 ரூபாய் தர 10 பேர், 1,000 தர 60 பேர், 500 தர 250 பேர், 100 தர 850 பேர் எனில் சரியாக 3,20,000 ஆகும். மொத்தம் 1,170 பேர். கேட்டவரில் பத்தில் ஒருவர் தருவார் என்று கொண்டால் 11,700 பேரைச் சென்றடைய வேண்டும். இந்த எண்ணைப் பார்த்துத் தளர வேண்டியதில்லை. இத்தனை பேரைச் சென்றடையக் குழுவில் எத்தனை பேர் வேண்டும், எத்தனை ஊர்களில் கூட்டம் நடத்த வேண்டும் என்று திட்டமிடவே இக்கணக்கு. நிறைவேற்ற இயலாத எண் எனில் திட்டத்தைச் சுருக்கலாம். முதற்கட்டத்துக்கு மட்டும் திரட்டலாம்.

நூறு ரூபாய் தருவோரை ஒருபோதும் கைவிடலாகாது. அவர்கள் தொகையில் கால்பங்குதான். ஆயினும் எண்ணிக்கையில் பெரும்பான்மையினர். படம் முடிந்ததும் அதைப் பார்ப்போரும் பேசுவோரும் அவர்களே. காலத்தையும் கருத வேண்டும். முப்பது நாள் திரட்டலில் ஊதியம் வரும் மாதத் தொடக்கம் ஒருமுறையேனும் அடங்க வேண்டும். ஏப்ரல் 14ஐ ஒட்டி நம் மக்கள் கூடும் நாள்களுக்கு ஈடான வாய்ப்பு ஆண்டில் வேறில்லை.

எதைச் சொல்லிக் கேட்பது?

வேண்டுகோளை எழுதும்போது நம்மை நெருக்கும் சோதனை ஒன்று உண்டு. துயரத்தைக் காட்டினால் பணம் விரைந்து வரும் என்ற எண்ணமே அது. அழும் முகமும் இடிந்த வீடும் இடம்பெறும் காணொளி இரக்கத்தைத் தூண்டும். ஆனால் படைப்புக்கு நிதி கேட்பது நிவாரணம் கேட்பதன்று. நாம் செய்யப்போகும் பணியின் தரத்தையும் தேவையையும் முன்வைத்துக் கேட்கிறோம். யார் செய்கிறோம், என்ன செய்கிறோம், எப்போது முடிப்போம், பணம் எதற்குச் செலவாகும் என்ற நான்கு வினாக்களுக்கும் மூன்று நிமிடத்துக்குள் விடை தரும் காணொளி போதும். வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவர்களின் படத்தையோ பெயரையோ அவர்களின் இசைவின்றித் திரட்டலுக்குப் பயன்படுத்துவது அறமாகாது. பெருந்தொகை தர முன்வருவோர் உள்ளடக்கத்தில் மாற்றம் கேட்டால் மறுப்பதற்கான விதியையும் முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும்.

சட்டமும் வரியும்

உறவினரல்லாதோரிடமிருந்து கைம்மாறின்றி ஒரு தனிநபர் பெறும் தொகை ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வரிக்குரிய வருமானமாகும். எனவே தனிநபரின் வங்கிக் கணக்கில் திரட்டுவதைக் காட்டிலும், பதிவுபெற்ற சங்கம் அல்லது அறக்கட்டளையின் கணக்கில், இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கும் ஏற்பாட்டோடு திரட்டுவது நன்று. பொருளை முன்கூட்டியே விற்பதாக அமையும் கைம்மாறுக்கு ஜிஎஸ்டி பொருந்துமா என்பதைப் பட்டயக் கணக்கரிடம் கேட்டறிய வேண்டும்.

அயல்நாட்டுப் பணத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிய பதிவோ முன்அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை பெறலாகாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் துபாயில் வாழ்ந்தாலும் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு அன்று. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தமிழரே ஆயினும் அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பே. செய்தி, நடப்பு நிகழ்வுகள் குறித்த காட்சி ஊடக நிறுவனங்களுக்கு இச்சட்டம் அத்தகைய பங்களிப்பை அறவே தடுக்கிறது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் குழுக்கள்மீது முதலில் ஏவப்படுவது பெரும்பாலும் கணக்கு வழக்குதான். நாம் ஓர் ஓட்டையும் விட்டு வைக்கலாகாது.

கணக்கு வெளியே, பெயர் விருப்பப்படி

1885இல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு ஜோசப் புலிட்சர் தம் நாளிதழ் வழியே ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். தந்த 1,20,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் அளித்தது ஒரு டாலருக்கும் குறைவு. அவர்கள் அனைவரின் பெயரையும் அவர் அச்சிட்டார். பெயரைக் காண விரும்பியே பலர் தந்தனர். கணக்கைத் திறந்து வைப்பது நம்பிக்கையை வளர்க்கும் என்பதற்கு அது சான்று.

நம் சூழலில் அதை அப்படியே பின்பற்ற இயலாது. தம் சாதியை வெளியே சொல்லாமல் வாடகை வீட்டிலும் தனியார் அலுவலகத்திலும் வாழ்வோர் நம்மில் பலர். தலித் திட்டம் ஒன்றின் நன்கொடையாளர் பட்டியலில் பெயர் வந்தால், அவர் வாழ்விடத்துக்கும் வேலைக்கும் அது ஊறு விளைவிக்கலாம். ஆகவே பெயர், புனைபெயர், பெயரின்மை என மூன்று வாய்ப்புகளைத் தருபவரிடமே விட்டுவிட வேண்டும். பெயருக்கு மாற்றாக ரசீது எண்ணையும் தொகையையும் வெளியிடலாம். தந்தவர் தம் எண்ணைப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்வார். பிறருக்கு அவர் யாரென்று தெரியாது. பெண் தோழர்களின் கைப்பேசி எண்ணோடு இணைந்த யூபிஐ முகவரியைப் பொதுவெளியில் இடுவதையும் தவிர்க்க வேண்டும்.

செலவுக் கணக்கை மாதந்தோறும், தாமதத்தைத் தாமதம் நேரும்போதே அறிவிக்க வேண்டும். ஆதிக்கச் சாதி இளைஞரின் திட்டம் பாதியில் நின்றால் ஒருவர் தோற்றார் என்பர். நம் திட்டம் நின்றால் ‘இவர்களே இப்படித்தான்’ என்று ஒரு சமூகத்தின்மீதே பழி சுமத்துவர். அப்பழி அநீதியானது, ஆயினும் அது அடுத்து வரும் மாணவரின் வாய்ப்பைக் குறைக்கும் என்பதை நாம் கணக்கில் கொண்டாக வேண்டும்.

ஆதலால் திட்டம் உள்ள தோழர்கள் இந்த வாரம் செய்யத்தக்க முதற்பணி, தளத்தில் பதிவு செய்வதன்று. ஒரு தாளில் நூறு பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடம் பணம் கேட்கும் முன் அவருக்கு எதைக் காட்டப்போகிறோம் என்று குறியுங்கள். அந்த நூறு பேரிடமும் பேசி முடித்தபின் இணையப் பக்கத்தைத் திறக்கலாம்.