வீட்டுப் பட்டறையில் இலேசர் வெட்டுபொறி

கத்தியும் வாளும் உளியும் தாம் வெட்டும் பொருளைத் தீண்டியே வெட்டுவன. அலகு எதுவுமின்றி, பொருளைத் தீண்டாது, ஒளியொன்றினாலேயே மரத்தையும் தோலையும் துணியையும் அறுக்கும் கருவி சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலே தோன்றியது. அதுவே இலேசர் வெட்டுபொறி. ஒருகாலத்திற் பெருந் தொழிற்சாலைகளில் மாத்திரம் இடம்பெற்ற இப்பொறியை இன்று பல நாடுகளிலும் ஆர்வலர் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகைகளிலே தாமே அமைத்து வருகின்றனர். அதன் உறுப்புக்கள் யாவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, அமைப்போன் எவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே தலையாயது என்பது மேல்வருவனவற்றால் இனிது புலப்படும்.

வரலாறு

மிகைச் சத்தியுடன் இருக்கும் அணுவொன்றின்மேல் தக்க ஒளி பட்டால், அவ்வணு தன் மிகைச் சத்தியை அவ்வொளியோடு முற்றும் ஒத்த ஒளியாகவே வெளிவிடும். ‘தூண்டிய காலல்’ எனப்படும் இத்தத்துவத்தை ஐன்சுரைன் 1917இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கினார். இதனை அடிப்படையாகக் கொண்டு, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலே தியடோர் மெய்மன் என்பார் மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதல் இலேசர் ஒளியைப் பெற்றார். இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய குமார் பட்டேல், 1964இல் காபனீரொட்சைட்டு வாயுவால் இயங்கும் இலேசரை ஆக்கினார். வெட்டுதொழிலுக்கு வழிவகுத்தது இதுவே. 1967இல் இங்கிலாந்திலே ஒட்டுவேலை ஆய்வாளர் இவ்விலேசரின் கதிரோடு ஒட்சிசன் வாயுவையும் ஒருங்கே செலுத்தி, 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டை வெட்டிக் காட்டினர். 1971இல் ‘சயன்ரிபிக் அமெரிக்கன்’ என்னும் திங்களிதழ், கலிபோணியாவிலே பாடசாலை மாணவன் ஒருவன் தானே ஆக்கிய காபனீரொட்சைட்டு இலேசரை விவரித்தது. ஆகவே, இதனை வீட்டில் அமைக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று.

குழாய்

பொறியின் உயிர்நிலை அதன் கண்ணாடிக் குழாயாகும். 40 உவாற்று வலுவுள்ள குழாய் ஏறத்தாழ 70 சதமமீற்றர் நீளமுடையது. அதனுள்ளே காபனீரொட்சைட்டு, நைதரசன், ஈலியம் என்னும் வாயுக்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளன. குழாயூடாக மின் பாயும்பொழுது முதலில் நைதரசன் மூலக்கூறுகள் அதிர்கின்றன. அவை மோதுகையினால் தம் சத்தியைக் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளுக்குக் கொடுக்க, இவை 10.6 மைக்கிரோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ்க் கதிரை வெளிவிடுகின்றன. பணி முடித்த மூலக்கூறுகளில் எஞ்சிய சத்தியை வாங்கிக் குழாயின் சுவருக்குக் கடத்துவது ஈலியம். குழாயின் இருமுனைகளிலும் உள்ள ஆடிகளுக்கிடையே கதிர் முன்னும் பின்னும் சென்று பெருகி, அவற்றுள் ஒன்றினூடாக ஒரு பகுதி வெளிப்போகின்றது.

இயங்கும் குழாயின் அழுத்தத்தை 15,000 உவோற்று எனவும், மின்னோட்டத்தை 18 மில்லியம்பியர் எனவும் கொண்டால், உட்செல்லும் வலு 270 உவாற்றாகும். அதில் 40 உவாற்றே ஒளியாகின்றது. எஞ்சிய 230 உவாற்றும் வெப்பமே. இவ்வெப்பத்தை அகற்றுதற்குக் குழாயைச் சூழ நீர் இடைவிடாது ஓடவேண்டும். அந்நீர் காய்ச்சி வடித்ததாயும், ஏறத்தாழ 15 முதல் 25 பாகை வரையான வெப்பநிலையுடையதாயும் இருத்தல் நன்று. எம்நாடு போன்ற வெப்பநாடுகளில் வாளி நீர் தானே அவ்வெல்லையைக் கடந்துவிடும். அதற்கஞ்சிப் பனிக்கட்டியை மிகுதியாக இடின், ஈரம் மிக்க காற்று குழாயின்மேல் நீர்த்துளியாய்ப் படிய, உயரழுத்த மின் அவ்வீரத்தின் வழியே பாயவுங் கூடும்.

ஆடியும் வில்லையும்

குழாயிலிருந்து வரும் கதிரை மூன்று ஆடிகள் திருப்பி வெட்டுதலைக்குக் கொணர்கின்றன. தலையிலுள்ள வில்லை அதனைக் குவிக்கின்றது. சாதாரண கண்ணாடியூடாக இக்கதிர் செல்லாதாகையால், வில்லை நாகசெலனைட்டு என்னும் மஞ்சள்நிறப் பொருளால் ஆக்கப்படும். 5 மில்லிமீற்றர் அகலமான கதிரை 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையாற் குவித்தால், ஏறத்தாழ 0.14 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளி கிடைக்கும். அச்சிறு புள்ளியில் 40 உவாற்றும் விழும்பொழுது, ஒளியின் செறிவு நண்பகல் வெயிலின் செறிவிலும் இருபது இலட்சம் மடங்குக்கு மேற்படும். மரம் கருகி ஆவியாவதன் காரணம் இதுவே.

ஆடிகளை ஒழுங்குசெய்தல் பொறுமையை வேண்டும் வேலை. ஆடியொன்று ஒரு கோணத்தினூடாகத் திரும்பினால், தெறித்த கதிர் அதன் இருமடங்கு கோணத்தினூடாகத் திரும்பும் என்பதை மாணவர் கற்றிருப்பர். ஆடி ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், 1 மீற்றர் தூரத்திற் கதிர் 3.5 மில்லிமீற்றர் விலகிவிடும். ஆகவே அடுத்த ஆடியின் முன்னே ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, அவ்வாடி அண்மையில் நிற்கையிலும் சேய்மையில் நிற்கையிலும் ஒவ்வொரு கணம் குறைந்த வலுவிற் கதிரைச் செலுத்திப் பார்ப்பர். இரு சுவடுகளும் ஒன்றன்மேலொன்று பொருந்தினாலே ஒழுங்கு செம்மையாயிற்று எனலாம்.

இயக்கம்

வெட்டுதலையை நெடுக்கிலும் குறுக்கிலும் நகர்த்துவன இரு படிமோட்டர்கள். ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்துச் சுழலும் மோட்டரை, மின்சுற்று மேலும் பதினாறு கூறாகப் பகுத்து இயக்குமாயின், சுற்றொன்றுக்கு 3,200 சிறுபடிகள் உண்டாகும். பற்பட்டியும் கப்பியும் சுற்றொன்றுக்குத் தலையை 40 மில்லிமீற்றர் நகர்த்துமாயின், ஒரு சிறுபடி 0.0125 மில்லிமீற்றராகும். கதிர்ப்புள்ளியின் விட்டத்தில் இது பதினொன்றில் ஒரு பங்கேயாதலால், வீட்டில் அமைக்கும் பொறிக்கு இந்நுட்பம் அமையும்.

நான்கு தீங்குகள்

இதுகாறும் கூறியவை யாவும் பொறி வெட்டுதற்கு வேண்டியவை. வெட்டக்கூடாததை அது வெட்டாதிருத்தற்கு வேண்டியவை வேறு. தொழிற்சாலையில் ஆக்கப்படும் பொறியை ஆக்குவோன் ஒருவன், சோதிப்போன் மற்றொருவன். கொட்டகையிலோ இருவரும் ஒருவரே.

முதலாவது தீங்கு ஒளியால் வருவது. 0.5 உவாற்றுக்கு மேற்பட்ட வலுவோடு தொடர்ந்து ஒளிரும் இலேசர்கள் மிக அபாயமான நாலாம் வகுப்பைச் சேர்ந்தவை. நாம் கூறும் குழாய் அவ்வெல்லையின் எண்பது மடங்கு வலுவுடையது. இதன் கதிர் கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே கண் கூசி இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளவும் மாட்டாது. உலோகத் துண்டொன்றிற் பட்டுத் தெறித்த கதிரும் விழியின் முன்படலத்தைச் சுட்டுவிடும். எனவே பொறி முழுவதையும் பெட்டியொன்றுள் அடைத்தல் வேண்டும். அக்கிரிலிக்குத் தகடு எமக்குத் தெளிவாகத் தோன்றினும் இக்கதிரைத் தடுப்பதால், சாளரத்துக்கு அது பொருந்தும். ஆயின் சிறு பொறிகளிற் பயன்படும் நீலநிற இலேசர்களின் ஒளி தெளிந்த தகட்டினூடே தடையின்றிச் சென்று விழித்திரையையே தாக்கும். ஒன்றுக்குரிய காப்பு மற்றொன்றுக்கு ஆகாது.

இரண்டாவது மின். குழாய்க்குரிய உயரழுத்தம் உயிரைக் கவரவல்லது. ஆளியை அணைத்த பின்னரும் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்கும். உலோகச் சட்டம் முழுவதும் புவியோடு தொடுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது தீ. வெட்டுமிடத்திற் காற்றை ஊதிச் சுவாலையை அணைத்தல் வேண்டும். பொறி இயங்கும்பொழுது அதனை விட்டகலல் எக்காரணங்கொண்டும் தகாது. தீயணைகருவி கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது புகை. விசிறி அதனை வெளியே செலுத்துதல் வேண்டும். பொலிவைனைல் குளோரைட்டை ஒருபோதும் வெட்டலாகாது. சூடாகும்பொழுது அது ஐதரசன் குளோரைட்டு வாயுவைக் கக்கும். அவ்வாயு சுவாசப்பையை ஊறுபடுத்துவதோடு பொறியையும் அரிக்கும். பெயர் அறியாத பிளாத்திக்கு எதனையும் பொறியில் இடாமையே நன்று.

அமைக்கும் முறைமை

ஆர்வமிக்கோர் முதலிலே குழாயை வாங்கி ஒளியைக் காண விரைவர். முறைமை அதற்கு மாறானது. முதலிற் பெட்டியையும் மூடியையும் ஆக்குக. அடுத்து, மூடி திறந்ததும் மின்னை அறுக்கும் ஆளி இரண்டையும், நீரோட்டம் நின்றதும் அவ்வாறே செய்யும் ஆளியையும் தொடராக இணைக்குக. இவை கணினிக் கட்டளையின் வழியாகவன்றி, நேரே மின்வழங்கியின் காவற்சுற்றிலேயே சேர்தல் வேண்டும். கட்டளை பிழைப்பினும் ஆளி பிழையாது. பின்னர் இயக்கப் பகுதியை அமைத்துத் தலையில் எழுதுகோலொன்றைக் கட்டித் தாளில் வரையச் செய்க. கோடு செம்மையாய் விழுந்த பின்னரே குழாயைப் பொருத்துக.

மாணவர் இம்முயற்சியில் ஈடுபடலாமா என்று வினவுவாருளர். ஈடுபடலாம் என்பதே என் கருத்து. தெறிப்பும் குவியமும் வலுவும் வெப்பமும் ஒருங்கே கைக்கு வரும் பாடம் இதுபோற் பிறிதொன்று அரிது. சட்டம், மோட்டர், மின்னாளிகள், எழுதுகோல் வரைதல் வரையுள்ள வேலை முழுவதும் அவர்களுக்குரியதே. உயரழுத்தமும் கதிரும் தோன்றும் நிலையில் மாத்திரம், அவற்றை நன்கு பயின்றவர் ஒருவர் முன்னிற்றல் வேண்டும். அத்தகையோர் கிடைக்காவிடின் எழுதுகோலோடு நிறுத்திவிடுதலே அறிவுடைமை. அந்நிலையிலும் கையிலிருப்பது படம் வரையும் நல்லதொரு பொறியே. அதற்காகச் செலவிட்ட உழைப்பு வீணாவதில்லை. விழியையோ இழந்தபின் மீளப்பெறல் இயலாது.